அறுபது பவுணும் ஒரு பிஸ்டலும்

செப்டெம்பர் 16, செவ்வாய்

இன்றுதான் வேலைக்குத் திரும்பிப் போனேன். பல் வைத்தியரின் முன்மேசையில் இருக்கிறவள் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் என் உத்தியோகம். கன்னத்து வீக்கம் வற்றிவிட்டது, பவுடர் பூசினால் தெரியாது. ஆனால் கதவு திறக்கும்போது அடிக்கும் அந்தச் சின்ன மணி இருக்கிறதே, அது ஒவ்வொரு முறையும் என் ஈரல்குலையை நடுங்க வைத்தது. மத்தியானம்போல ஒரு பெடியன் தலையை மூடிய ஹூடியோடு உள்ளே வந்தான். பல்லுக் கிளீன் பண்ண வந்த பிள்ளை, பாவம். நான் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். பேனை விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பொலிஸ் அனுப்பிய ஆலோசகர் பெண் எழுதச் சொன்னா. எழுதினால் மனம் ஆறுமாம். சரி, எழுதுகிறேன்.

போன வியாழன் பின்னேரம். துர்க்கா பள்ளிக்கூடத்தால் வந்து மேலே அறைக்குப் போய்விட்டாள். மணி அடித்தது. கனடாவுக்கு வந்து மில்லிக்கனில் இருக்கிற இந்தப் பதினாறு வருஷமும் மணி அடித்தால் நான் கதவைத் திறந்துதான் பழக்கம். யாராவது கோயில் பிரசாதத்தோடு நிற்பார்கள், இல்லாவிட்டால் கறிவேப்பிலை கேட்டு நிற்பார்கள். திறந்தேன். மூன்று பேர், முகத்தை மூடிக்கொண்டு. ஒருவன் கையில் பிஸ்டல். இன்னொருவன் தன் ரெலிபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் துர்க்காவின் படம். அவள் பெரியபிள்ளையானதுக்கு ஓகஸ்டில் மண்டபத்தில் செய்த சாமத்தியச் சடங்குப் படம். நெற்றிப்பட்டம், அட்டியல், ஒட்டியாணம், கை நிறையக் காப்பு. "இதெல்லாம் எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

"ஃபேக், ஃபேக், றென்ற்" என்று கத்தினேன்.

"டோன்ற் லை, அன்ரி" என்றான். கன்னத்தில் அறைந்தான்.

அன்ரி என்றானே. எந்த வீட்டுப் பிள்ளையோ. துர்க்கா சத்தம் கேட்டுக் கீழே வந்தாள், வரவேண்டாம் என்று கத்த எனக்கு வாய் வரவில்லை. அவளின் கழுத்தில் பிஸ்டலை வைத்தார்கள். என் பதினைந்து வயதுப் பிள்ளை. அலுமாரியில் இருந்த என் தாலிக்கொடியை நானே எடுத்துக் கொடுத்தேன். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. மெத்தையையும் கிழித்துப் பார்த்தார்கள். போகும்போது அந்த அறுவான் திரும்பி நின்று சொன்னான்: மிச்சத்துக்குத் திரும்பி வருவோம்.

எழுதிவிட்டேன். மனம் ஒன்றும் ஆறவில்லை.

செப்டெம்பர் 18, வியாழன்

உண்மையை இங்கேயாவது எழுதலாம். மிச்சம் என்று ஒன்றும் இல்லை.

துர்க்கா போட்டிருந்தது அவ்வளவும் கவரிங். மேக்கப் செய்த ஹரிப்ரியா, சென்னைப் பிள்ளை, இரண்டு நாளைக்கு வாடகைக்குத் தந்தது. வடிவாய்த்தான் இருந்தது, பவுண் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இவருக்கும் எனக்கும் துர்க்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அறுபது பவுணுக்கு ரக் லொறி ஓட்டுகிற மனிசன் எங்கே போவார்?

அந்த அறுபது என்ற கணக்கைக் கொண்டுவந்தது மச்சாள். இவரின் அக்கா இராஜேஸ்வரி. ஆரத்தி எடுத்த கையோடு மண்டபத்து மைக்கை வாங்கி, "என்ர மருமேளுக்கு என்ர தம்பி அறுபது பவுண் போட்டிருக்கிறான்" என்று நானூறு சனத்துக்கு முன்னால் சொன்னா. வீடியோக்காரனும் அதை வெட்டவில்லை. நான் என்ன செய்தேன்? பட்டுச்சேலையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தேன். மச்சாளின் மகள் துவாரகாவின் சடங்குக்கு ஐம்பது என்று சொன்னவ. எங்களுக்கு அறுபது என்று கேட்க எனக்கும் இனித்தது.

பொலிஸ்காரர் வந்த அன்று மச்சாள்தான் முதலில் ஓடி வந்தவ. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தா. "வேறு நகை இருக்கிறதா, அது எங்கே?" என்று அந்தப் பெண் பொலிஸ் கேட்டா. மச்சாளின் மூச்சு என் தோளில் படுகிறது. "இருக்கு, பத்திரமாக இருக்கு" என்றேன். பொலிசுக்கும் பொய்.

விசரி நான். வேறென்ன சொல்ல.

செப்டெம்பர் 20, சனி

இவர் ரக்கோடு போய்விட்டார். செவ்வாய்தான் வருவார். நானும் துர்க்காவும் ஒரே கட்டிலில், கதவுக்கு முன்னால் அலுமாரியை இழுத்து வைத்துவிட்டுப் படுக்கிறோம்.

செப்டெம்பர் 22, திங்கள்

நவராத்திரி முதல்நாள். றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போகாமல் விட்டால் கதைப்பார்கள் என்று போனோம். தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கு துர்க்கா என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

செருப்பு வைக்கிற இடத்தில் முன்பின் தெரியாத ஒரு மனிசி வந்து என் தோளைத் தட்டினா. "தங்கச்சி, நீர்தானே அந்தப் பிள்ளையின்ர தாய்? கெட்டிக்காரி நீர். கள்ளருக்கே தண்ணி காட்டிப்போட்டீர்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ தன் ரெலிபோனை எடுத்துப் போட்டுக் காட்டினா. மச்சாளின் குரல். எந்த வட்ஸ்அப் குழுவில் எப்போது சொன்னாவோ, அது சுற்றிச் சுற்றி, தூரத்து ஒஷாவாவில் இருக்கிறேன் என்ற இந்த மனிசிவரை போயிருக்கிறது.

"கொடி மட்டுந்தான் போனது. அறுபது பவுணும் வீட்டுக்குள்ளதான் கிடக்கு. எங்கட கஜனி ஒளிச்சு வைச்ச இடம் அவங்கட அப்பனாலயும் கண்டுபிடிக்கேலாது!"

ஒஷாவாவரை போன குரல் அந்தப் பெடியங்களிடம் போயிராதா? என்னை அன்ரி என்று கூப்பிட்டவனின் தாயின் ரெலிபோனிலேயே இது இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்தேன். "ஏன் மச்சாள் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உன்னைப் பெருமையாத்தானே சொன்னனான்! சனம் எல்லாம் போச்சுது எண்டு கதைக்குதுகள். எங்கட குடும்பத்துக்கு அது மரியாதையே?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே, மச்சாள், அது கவரிங் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "ஓம் மச்சாள்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செப்டெம்பர் 25, வியாழன்

வேலையில் ஆள் இல்லாத நேரம் ரெலிபோனில் பிஸ்டல் பார்த்தேன். யாராவது எட்டிப் பார்த்தால் சேலை பார்க்கிறேன் என்று சொல்ல, பக்கத்தில் சேலைக்கடையையும் திறந்து வைத்திருந்தேன்.

அமெரிக்காக்காரர்கள் இதைப் பற்றி எழுதுவதைப் பார்த்தால் பிறஷர் குக்கர் வாங்குகிற மாதிரி இருக்கிறது. கைக்கு அடக்கமானது, கைப்பைக்குள் வைக்கலாம், சின்னக் கை உள்ள பெண்களுக்கு ஏற்றது, கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க ஒன்று, கொண்டு திரிய ஒன்று. ஒரு பெண் எழுதுகிறா, கணவன் வேலைக்குப் போனால் இதுதான் எனக்குத் துணை என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் பற்றியே எழுதின மாதிரி.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் காருக்குள் இருந்து இங்கே ஒரு துவக்குக் கடைக்கு எடுத்துக் கேட்டேன். மரியாதையான மனிதர். கைத்துவக்கு இப்போது கனடாவில் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது என்றார். லைசன்ஸ் எடுத்தால் வேட்டைத் துவக்கு வாங்கலாம், ஆனால் குண்டு எடுத்துவிட்டுப் பூட்டித்தான் வைக்க வேண்டும். கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிவதெல்லாம் நினைத்தும் பார்க்காதே என்றார். "மேடம், ஆர் யூ சேஃப்?" என்றும் கேட்டார். நான் வைத்துவிட்டேன்.

அவங்களுக்குக் கிடைக்குது. எனக்குக் கிடைக்காது. இது என்ன நியாயம்?

செப்டெம்பர் 28, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். தோசை சுட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல். "எனக்கு ஒரு பிஸ்டல் வேணும்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு திரியிறன்" என்றார். மனிசன் ரோட்டில் நின்றாலும் நெஞ்சு வீட்டில்தான் கிடக்கிறதாம். ஒவ்வொரு தரிப்பிலும், வாசலில் புதிதாக வைத்த கமெராவை ரெலிபோனில் திறந்து பார்க்கிறாராம்.

"இல்லாட்டி அக்காட்ட உண்மையைச் சொல்லுவம். அவவின்ர வாயாலயே ஊர் முழுக்கப் போயிடும்" என்றார் பிறகு, மெதுவாக.

"சொல்லுங்கோ பாப்பம்!" என்று பாய்ந்தேன். "நானூறு பேர் வந்து சாப்பிட்டுப்போட்டுப் போனவை. எல்லாரும் காறித் துப்புவினம். துர்க்காவுக்கு நாளைக்கு ஒரு சம்பந்தம் வராது. உங்கட அக்கா சாகுமட்டும் சொல்லிக் காட்டுவா."

தோசை கருகிவிட்டது.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு ஓடி வந்த ஆட்கள் நாங்கள் இரண்டு பேரும். இப்போது எங்கே வாங்கலாம் என்று கதைத்துக்கொண்டு இருக்கிறோம். பின்னேரம் ஒஹாயோவில் இருக்கிற என் தம்பி பிரியந்தனுக்கு எடுத்தேன். "வாங்கோ அக்கா, உங்கட தாங்ஸ்கிவிங் லீவுக்கு வாங்கோ. வந்து பிடிச்சுப் பாருங்கோ" என்றான்.

ஒக்டோபர் 4, சனி

ஒரு கறுப்புக் கார் எங்கள் தெருவால் மெல்லமாகப் போனது. திரும்பியும் வந்தது. பீட்சா கொண்டு வந்தவன். குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகுதான் பார்த்தேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு - கொலம்பஸ்

பிரியந்தனின் மனைவி வேரோனிக்கா தாதியாக வேலை செய்கிறாள். ஜெபமாலையும் பிஸ்டலும் ஒரே கைப்பைக்குள் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே மாதிரித்தான் எடுத்து வைக்கிறாள்.

இன்று என்னை றேஞ்சுக்கு, சுட்டுப் பழகுகிற இடத்துக்கு, கூட்டிக்கொண்டு போனார்கள். துர்க்காவுக்கு ஷொப்பிங் என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. பிரியந்தன் முதலில் ஒரு பெரியதைத் தந்தான். என் கை அதைச் சுற்றிப் போகவில்லை. பிறகு ஆகச் சின்னது ஒன்று, பார்த்தால் விளையாட்டுச் சாமான். அதைச் சுட்டபோது கை மேலே துள்ளி எழும்பியது, மணிக்கட்டு நோகிறது இப்போதும்.

"சின்னதெண்டால் சுகம் எண்டு நினைக்காதேங்கோ அக்கா" என்றாள் வேரோனிக்கா. "ஒளிக்கச் சுகம், சுடக் கஷ்டம். பாரம் குறையக் குறைய உதை கூடும். இதைப் பிடிச்சுப் பாருங்கோ."

அவள் தந்தது நடுத்தரமானது. பிடியில் என் விரல்கள் சரியாகப் போய் இருந்தன. கடதாசி மனிதனின் தோளில் பட்டது என் குண்டு. பிரியந்தன் கை தட்டினான். எனக்கு எப்படி இருந்தது என்றால் — எழுத வெட்கமாக இருக்கிறது — ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்தரம் நெஞ்சுக்குள் அடைப்பு எடுபட்டு மூச்சு வந்தது. அந்த அன்ரி என்றவனை நினைத்துக்கொண்டு இன்னொருதரம் சுட்டேன்.

அங்கே சொல்லிக்கொடுக்கிற வெள்ளைக்காரி, வயதானவ, கேட்டா: "உன் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" கணவன், மகள் என்றேன். "முதலில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள். பிறகுதான் மற்றது. பயத்தில் கை முந்தும், கண் பிந்தும்." நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

காரில் வரும்போது பிரியந்தன் சொன்னான், அதே மாதிரி ஒன்று தன்னிடம் இருக்கிறதாம். இவர் அடுத்த லோட் இந்தப் பக்கம் வரும்போது கொடுத்து விடுவானாம்.

"பிடிபட்டால்?" என்றேன்.

"பிடிபட்டால் அத்தானைச் சிறைக்குள்ள போடுவாங்கள், மறியல்தான். எனக்கும்தான். ஆனா அக்கா, அவங்கள் திரும்பி வந்தா என்ன செய்வீங்கள்? கதவைத் திறந்து தேத்தண்ணி குடுப்பீங்களே?"

நோகிற மணிக்கட்டைத் தடவிக்கொண்டு வந்தேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

கனடா எல்லைப் பாலத்தில் எங்களைப் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. என்ன கொண்டு வருகிறீர்கள் என்றான் அந்த அதிகாரி. "ஸ்வீற்ஸ்" என்றேன். அடுத்தமுறை இவர் என்ன சொல்லுவார்? மறியல். லைசன்ஸ் போகும். வீடு போகும். நான் கேட்டதுக்காகத்தான்.

கேட்காமல் விட்டால்?

துர்க்கா இன்றும் என் கட்டிலில். தூக்கத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்துத் தெருவில் வெடி கொளுத்தினார்கள். நானும் பிள்ளையும் பேஸ்மென்றில் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் இருந்தோம். புதுச்சட்டையோடு.

ஒக்டோபர் 21, செவ்வாய்

இவர் வெளிக்கிட்டார். லோட் கொலம்பஸுக்கு. வாசலில் நின்று சப்பாத்துக் கட்டக் கட்ட நேரம் எடுத்தது. "சொல்லு. வாங்கிக்கொண்டு வரட்டோ, விடட்டோ?" என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று. சொன்னது இன்னொன்று. "கவனமாக் கொண்டு வாங்கோ" என்றேன்.

போனபிறகு சாமி அறையில் போய் நின்றேன். என்ன என்று சொல்லிக் கும்பிடுவது? பிள்ளையாரே, கள்ளத் துவக்கைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர் என்றா? திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்குக் கிரிக்கெட் பைத்தியம் இருந்த காலத்து மட்டை ஒன்று கராஜில் கிடந்தது. அவர் வருமட்டும் அதைக் கையோடு வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 22, புதன்

இவர் எடுத்தார். "சாமான் கிடைச்சுது" என்றார். உடனே வைத்துவிட்டார்.

ஒக்டோபர் 23, வியாழன்

எழுத்து எனக்கே விளங்கேல்லை.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றேன். இவர் பாலத்துக்கு வருகிற நாள் அல்லவா, வேலையில் இருந்து என்னத்தைச் சிரிப்பது. மத்தியானம். சோறு வடித்துக்கொண்டு நிற்கிறேன். கராஜ் கதவு திறக்கிற சத்தம். பள்ளிக்கூடம் விட நேரம் கிடக்கு. இவர் இன்னும் அமெரிக்காவில். வேறு ஆருக்கு அந்தக் கதவு திறக்கத் தெரியும்?

வந்திட்டாங்கள் எண்டு நினைச்சன். வேற ஒண்டும் நினைக்கேல்லை. மட்டையை எடுத்துக்கொண்டு உள்கதவுக்குப் பின்னால் நின்றன். கதவு திறந்தது. கறுப்பு ஹூடி, தலையை மூடி, குனிஞ்சுகொண்டு. ஓங்கி அடிச்சன். என்ர முழுப்பலத்தாலயும் அடிச்சன்.

துர்க்கா.

என்ர துர்க்கா. வயிற்றுக்குத்து எண்டு அரைநாள் கேட்டு வந்திருக்கிறாள். காதுக்குள்ள பாட்டு. மட்டை கதவு நிலையில் பட்டு வழுக்கித்தான் தோளில் விழுந்தது. நிலை இல்லாட்டி தலைதான். கடவுளே, தலைதான்.

நிலத்தில் இருந்து என்னை அண்ணாந்து பார்த்தாள். அண்டைக்கு அவங்களைப் பார்த்த அதே பார்வை. என்னை அப்பிடிப் பார்த்தாள். நான் மட்டையைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடிச்சுக் குழறினன்.

"அம்மா" என்றாள், மூச்சு வாங்கி வாங்கி. "அப்பா என்ன கொண்டு வாறார் எண்டு எனக்குத் தெரியும். ஐ'ம் நொட் ஸ்ரூப்பிட். மாமா வீட்டில கேட்டனான்." பிறகு சொன்னாள்: "இண்டைக்கு உங்கட கையில அது இருந்திருந்தா, நான் செத்திருப்பன்."

தோளுக்கு ஐஸ் கட்டினேன். வோக்-இன் கிளினிக்கில் காட்டினோம், எலும்பு உடையவில்லை. நீலம் பாய்ந்த கண்டல்தான். எப்படிப் பட்டது என்று டொக்ரர் கேட்க, கதவில் இடித்துவிட்டேன் என்று சொன்னாள் என் பிள்ளை. எனக்காகப் பொய் சொன்னாள்.

காருக்குள் இருந்து இவருக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். பாலத்தில் நிற்கிறாரோ? நாயை வைத்து மோப்பம் பிடிக்கிறார்களோ? விலங்கு போட்டுவிட்டார்களோ? எனக்கு வந்த பயத்துக்கு, அந்த மூன்று பேரும் திரும்பி வந்திருந்தால்கூட வா ராசா என்று கதவைத் திறந்திருப்பேன்.

கடைசியில் எடுத்தார். இன்னும் அமெரிக்காவில்தான், டொலீடோவுக்குக் கிட்ட, ரக் தரிப்பிடத்தில். காலையிலிருந்து அங்கேதானாம் நிற்கிறார். "வெளிக்கிட ஏலாமக் கிடக்கு கஜனி. ஸ்ரியரிங்கைப் பிடிச்சா கை வழுக்குது" என்றார்.

"கொண்டு வரவேண்டாம். திரும்பிப் போய்க் குடுத்துவிடுங்கோ" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ரக்கின் எஞ்சின் எழும்புகிற சத்தம் கேட்டது. பிறகுதான் ஏன் என்று சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம்.

ஒக்டோபர் 24, வெள்ளி

தம்பியிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. லோட் பிந்திவிட்டது என்று கொம்பனியில் ஏச்சாம். ஏசட்டும்.

ஒக்டோபர் 25, சனி

என்ன சொல்வது, எங்கே தொடங்குவது?

துர்க்கா காலையில் ஹரிப்ரியாவின் மேக்கப் ஸ்ரூடியோவுக்குப் போகவேண்டும் என்றாள். தோள் நோவோடு என்ன மேக்கப் என்று கேட்டேன். சிநேகிதியின் பிறந்தநாள் என்றாள். கூட்டிக்கொண்டு போய் விட்டேன். பின்னேரம் ஹரிப்ரியாவிடமிருந்து ரெலிபோன் கோல்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பொண்ணு ரொம்பக் கேட்டுச்சு. நானும் யோசிச்சுப் பார்த்தேன், அது சொல்றது சரின்னுதான் பட்டுச்சு."

வீடியோ. அதற்குள் ஊரே பார்த்துவிட்டது.

சடங்கன்று போட்ட அதே நகை, அவ்வளவும், ரீசேட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு நிற்கிறாள். தமிழிலேயே கதைக்கிறாள், தட்டித் தடவி, எல்லாருக்கும் விளங்கவேண்டும் என்று. "வணக்கம். நான் துர்க்கா. இது பவுண் இல்லை. கவரிங். இவ ஹரிப்ரியா அக்கா, இவவின்ரதான். அறுபது பவுண் எண்டு சொன்னது பொய். எங்கட வீட்டில ஒளிச்சு வைக்க ஒண்டும் இல்லை." ஒட்டியாணத்தைக் கழற்றிக் கையால் வளைத்துக் காட்டுகிறாள். பக்கத்தில் ஹரிப்ரியா, ஐயோ மெதுவா என்கிறா. பிறகு இங்கிலீஷில், நேரே பார்த்துக்கொண்டு: இதுக்காக என் கழுத்தில் துவக்கு வைத்தீர்கள். என் அம்மாவுக்கு இப்போது என்னையே அடையாளம் தெரியவில்லை. திரும்பி வராதீர்கள்.

முதலில் எனக்கு வந்தது கோபம். ஓம், கோபம்தான். "என்ர மானத்தைக் கப்பலேத்திப் போட்டியேடி! ஒரு சொல்லு கேட்டனியே என்னட்ட?" என்று கத்தினேன்.

"கேட்டா வேண்டாம் எண்டுவீங்கள்" என்றாள்.

உண்மை. ஓம், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் கண்டலைப் பார்த்துக்கொண்டு நின்றுகூடச் சொல்லியிருப்பேன். நான் அப்படியான ஆள்தான்.

ஒக்டோபர் 27, திங்கள்

வேலையில் இரண்டு தமிழ்ச் சனம் வந்தது. ஒருவ என்னைப் பார்த்துவிட்டு ரெலிபோனைப் பார்த்தா, திரும்ப என்னைப் பார்த்தா. மற்றவ வாயைத் திறந்தே கேட்டா, "அப்ப கொடியும் கவரிங்கோ?" என்று. இல்லை, அது பவுண் என்றேன். நம்பவில்லை. மத்தியானம் கழிவறைக்குள் போய் அழுதேன். ஆனால் கதவு மணி எத்தனைதரம் அடித்தது என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். ஒருதரமும் நான் திடுக்கிடவில்லை.

மச்சாள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

இவர் வீட்டில். துர்க்கா தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். எனக்குத்தான் கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

நவம்பர் 8, சனி

மத்தியானம் மணி அடித்தது. இப்போது கமெராவில் பார்த்துத்தான் திறக்கிறேன், பயம் ஒரேயடியாக விட்டுப் போய்விடுமா? மச்சாள். தனியாக, கையில் பயற்றம் பணியாரப் பெட்டியோடு. வீடியோவுக்குப் பிறகு முதல்தரம். பேச்சு வாங்கிக் கட்டத்தான் போகிறேன் என்று கதவைத் திறந்தேன்.

வாங்கினேன்தான். "நாலு சனத்துக்கு முன்னால மைக்கைப் பிடிச்சுச் சொன்னவள் நான். இப்ப என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேயடி." இவர் "அக்கா, விடுங்கோ" என்றார். துர்க்கா படியில் வந்து நின்றாள்.

மச்சாள் தொடர்ந்து ஏசுவா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஏசவில்லை. சோபாவில் இருந்தா. தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தா.

"என்ன மச்சாள், ஏதும் சுகமில்லையே?"

"ரெண்டு மூண்டு நாளா வீட்டுக்கு முன்னால ஒரு கார் வந்து நிண்டிட்டுப் போகுது" என்றா. குரல் மச்சாளின் குரலாகவே இல்லை. "துவாரகாவுக்கு வாற மாசம் கலியாணம். நூறு பவுண் போடுறம் எண்டு நான்தான் குழுவில எல்லாம் சொன்னனான். உங்கட வீட்டில இல்லையெண்டு தெரிஞ்சா, அவங்கள் அடுத்ததா எங்க வருவாங்கள்?"

அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம். "பாங்கில கொண்டுபோய் வைச்சுவிடுங்கோ மச்சாள்" என்றேன்.

"எங்கையடி வைக்கிறதுக்கு?" என்றா. தலையைக் குனிந்துகொண்டா. "அதெல்லாம் உந்த ஹரிப்ரியாவிட்ட வாடகைக்குத்தான் சொல்லி வைச்சிருக்கிறன். துவாரகாவின்ர சடங்குக்குப் போட்டதும் வாடகைதான். வேற இடம்."

சிரித்திருப்பேன், இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால். பக்கத்தில் போய் இருந்து அவவின் கையைப் பிடித்தேன்.

மச்சாள் துர்க்காவைப் பார்த்தா. "பிள்ளை, மாமிக்கும் அப்பிடி ஒரு வீடியோ எடுத்துத் தாறியே?"

துர்க்கா படியால் இறங்கி வந்தாள். அவவை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே இருத்தினாள். "மாமி, ஃபோனைப் பாருங்கோ. பேரைச் சொல்லிப்போட்டு, பேந்து உண்மையைச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

மச்சாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தா. இரண்டுதரம் வாயைத் திறந்து மூடினா. மூன்றாம்தரம், மண்டபத்தில் மைக்கைப் பிடித்த அதே மனிசி, எனக்கே பக்கத்தில் இருந்தும் கேட்காத மெல்லிய குரலில் தொடங்கினா. துர்க்கா நிற்பாட்டி, "கொஞ்சம் பலமா, மாமி" என்றாள்.

"வணக்கம். நான் இராஜேஸ்வரி" என்றா மச்சாள். "எங்கட வீட்டிலயும் ஒண்டும் இல்லை."